அபு லமீஸ் பின்என்ஜின் கட்சி

இத்தாஃப் வானொலிக்கு முதன்முதலில் போன் செய்தது கோபத்தில்தான்.

ஆலிவ் பறிக்கும் காலம். தபர்பூரில் நாலாவது மாடி வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, ஊறப்போடுவதற்காகப் பச்சை ஆலிவ்களை ஒவ்வொன்றாகக் கல்லால் தட்டிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை காலையில் அம்மான் நகரத்தில் பாதிப் பேர் கேட்கும் கார் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. அவளிடம் கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. கணவர் ஷவ்கி இருந்த காலத்தில் அந்த நேரத்துக்கு வீட்டில் அந்த நிகழ்ச்சிதான் ஓடும். அவர் போன பிறகும் ஓடியது. வீடு மூச்சுவிடாமல் கிடப்பதற்கு, யாரோ யாருடனோ கார்பரேட்டரைப் பற்றிச் சண்டை போடுவது தேவலை.

ஸர்க்காவிலிருந்து பேசிய ஒருவன், பழைய பின்என்ஜின் கார் ஒன்றை வாங்கலாமா என்று கேட்டான். நிகழ்ச்சி நடத்தும் மாமூன் சிரித்தார்.

"வாங்குங்க தம்பி, தாராளமா வாங்குங்க. ஆனா கூடவே மையத்துக்குச் சுத்தற கஃபன் துணியும் வாங்கி வெச்சுக்கங்க. முன்னால என்ஜின் இல்லாத வண்டி எங்கயாவது முட்டினா, உங்க முழங்கால்தான் பம்பர்."

இத்தாஃபின் கையிலிருந்த கல் நின்றது. ஷவ்கி முப்பத்தோரு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கின கார்களைப் பார்த்து மதிப்புப் போட்டவர். சாப்பாட்டுத் தட்டில் வெள்ளரிக்காயைக் காராக வைத்து, ஒரு ஆலிவை என்ஜினாக முன்னாலும் நடுவிலும் பின்னாலும் நகர்த்திக் காட்டி, எது எப்படிப் புரளும், எது எப்படி வழுக்கும் என்று சொல்லிச் சொல்லி அவள் சோற்றை ஆற வைத்தவர். பின்என்ஜின்தான் நல்லது என்ற அந்த மனுஷனின் வாழ்நாள் கட்சியை ஒருத்தன் ஒரு சிரிப்பில் தூக்கிப் போட்டுவிட்டான்.

ஈரக் கையோடு எண்ணை அழுத்தினாள். ஆச்சரியமாக, உடனே எடுத்தார்கள்.

"யார் பேசறது?"

"உம் லமீஸ். தபர்பூர்லேர்ந்து." லமீஸின் உம்மா என்று மகள் பெயரைச் சேர்த்துச் சொல்வதுதான் அவள் வழக்கம்; கணவர் அபு லமீஸ், லமீஸின் வாப்பா. "இப்ப நீங்க சொன்னீங்களே, அது தப்பு. என் வீட்டுக்காரர் அப்படிச் சொல்ல மாட்டார்."

சொல்லியிருக்க மாட்டார் என்பதுதான் அவள் சொல்ல நினைத்தது. அவசரத்தில் வாய் அப்படிச் சொல்லிவிட்டது.

"ஓ, அபு லமீஸ் என்ன சொல்றார் அக்கா?" என்றார் மாமூன், உற்சாகமாக.

அவர் என்ன சொல்றார். அந்தக் கேள்வியை யாரும் கேட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. இத்தாஃப் கல்லைக் கீழே வைத்தாள்.

"முன்னால என்ஜின் இருந்தா உங்களக் காப்பாத்தும்னு நினைக்கிறீங்களே, பழைய வண்டில பலமா முட்டினா அந்த என்ஜினே உங்க மடிமேல வந்து உக்காருங்கறார். அப்புறம், மேட்டுல நிறுத்தி எடுக்கறப்ப பாரம் பின் சக்கரத்து மேல இருந்தாத்தான் பிடி கிடைக்கும். நம்ம ஊரு முழுக்க மேடு. இதுக்கு என்ன சொல்றீங்கன்னு கேக்கறார்."

"அவர் பக்கத்துலயா இருக்கார்?"

"இங்கதான் இருக்கார்," என்றாள் இத்தாஃப்.

"அப்ப அவர்கிட்ட சொல்லுங்க, மழையில வளைவு திரும்பறப்ப வால் முன்னால வந்து டாட்டா காட்டும்ல, அதுக்கு என்ன சொல்றார்னு."

"கேட்டு அடுத்த வாரம் சொல்றேன்."

போனை வைத்ததும் அவளுக்கு முகம் சுட்டது. செய்தது பொய். ஆனால் நாளெல்லாம் அந்தப் பொய் ஒரு விருந்தாளி மாதிரி வீட்டுக்குள் வளைய வந்தது. வளைவில் வால் திரும்புவதற்கு ஷவ்கி என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறை, வளைவுக்குள் போனபின் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காதே. காலை எடுப்பவன் கோழை, வண்டியைக் குறை சொல்லாதே. அடுத்த சனிக்கிழமை அதையே சொன்னாள். மாமூன் வாய்விட்டுச் சிரித்தார்.

"என்னையக் கோழைங்கறாரா? சரி, அவர் பின்என்ஜின் கட்சின்னு எழுதி வெச்சுக்கறேன்."

அப்படித்தான் பழக்கமாயிற்று. ஒவ்வொரு வாரமும் அபு லமீஸ் ஏதாவது சொன்னார்; மாமூன் மறுத்தார். நாலு சிலிண்டரை வரிசையாக நிறுத்துவதா, இரண்டிரண்டாகப் படுக்க வைப்பதா என்று ஒரு வாரம். முன்னால் இருக்கும் என்ஜின் பின் சக்கரத்தை ஓட்டுவது முட்டாள்தனமா, கம்பீரமா என்று ஒரு வாரம். மாமூன் சில நாள் அவளிடமே கெஞ்சினார்: "அக்கா, நீங்க எப்படித்தான் இந்த மனுஷன் கூடக் குடித்தனம் நடத்தறீங்க? காலையில டீயாவது நிம்மதியாக் குடிக்க விடறாரா?" "அதெல்லாம் குடிக்க விட மாட்டார்," என்று அவள் சொல்வாள். அது உண்மைதான்.

மகள் லமீஸ், வடக்கே குளிர்நாட்டு ஊரான மால்மோவிலிருந்து ஞாயிறுதோறும் கூப்பிடுவாள். குளிர் எப்படி, தண்ணி வந்ததா, மாத்திரை போட்டியா. வாப்பாவின் பேச்சை இருவரும் எடுப்பதில்லை. லமீஸ் அடக்கத்துக்கு வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அந்த நாள் வாசலில் பெட்டியோடு நின்ற மகளின் முகத்தை இத்தாஃபால் மறக்க முடியவில்லை. அதனால் அந்தப் பக்கமே போவதில்லை. மால்மோவில் குளிர். தண்ணி வந்தது. மாத்திரை போட்டேன்.

சனிக்கிழமைகளைப் பற்றி மகளிடம் அவள் சொல்லவில்லை.

குளிர்காலத்தின் நடுவில் ஒரு சிக்கல் வந்தது. ஷவ்கி சொன்னதெல்லாம் தீர்ந்துவிட்டது. படுத்தபடியே தேடிப் பார்த்தாள். முப்பத்தோரு வருஷத்துச் சாப்பாட்டு மேஜையில் இன்னும் ஏதாவது மிச்சம் கிடக்கிறதா என்று தட்டுத் தட்டாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் ஏற்கெனவே வானொலியில் சொல்லியாகிவிட்டது.

அந்த வாரம்தான் பனி விழுந்தது. ஊர் கடையை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போயிற்று. இத்தாஃப் ஷவ்கியின் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு பால்கனியில் நின்றாள். கீழே, பேக்கரியிலிருந்து பள்ளிவாசல் வரை ஏறும் மேடு. ஒவ்வொரு காராக வந்து அந்த மேட்டிடம் தோற்றது. முன் சக்கரம் ஓட்டும் கார்கள் பாதி ஏறி, மூக்கைச் சிலுப்பிக்கொண்டு, அப்படியே பின்னுக்கு வழுக்கின. ஒருவன் இறங்கி, காரைத் திருப்பி, பின்பக்கமாகவே ஏற்றிக்கொண்டு போனான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது ஏன் வேலை செய்தது என்பதும் உடனே புரிந்தது. ஏறும்போது பாரம் கீழ்ப்பக்கம் சாய்கிறது. ஓட்டும் சக்கரம் கீழ்ப்பக்கம் இருந்தால் ஜெயிக்கும். இத்தாஃப் முப்பது வருஷம் மகளிர் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். பிறகு ஒரு மின்சாரக் கார் வந்தது. சத்தமே இல்லாமல், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது போல, ஏறிப் போய்விட்டது.

சனிக்கிழமை அதையெல்லாம் சொன்னாள். மின்சாரக் காரின் அடித்தட்டில் பலகை மாதிரி பேட்டரி கிடப்பதால் பாரம் எந்தப் பக்கமும் கட்சி சேராது, முன்னாலா பின்னாலா என்ற சண்டையே அந்த வண்டிக்குக் கிடையாது என்றாள்.

"அபு லமீஸ் பால்கனில உக்காந்து வேடிக்கை பார்க்கறாரா?" என்றார் மாமூன். "கட்சி மாறப் பார்க்கறாரா?"

"பார்த்துக்கிட்டிருக்கார்," என்றாள் இத்தாஃப். அன்று போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அது ஷவ்கி சொன்னதல்ல. அவர் ஒருநாளும் மின்சாரக் காரைப் பற்றிப் பேசியதில்லை. அவருக்குத் துரோகம் செய்தது போலவும், யாரும் இல்லாத ஒரு பெரிய அறையில் விளக்கைப் போட்டது போலவும் இருந்தது.

பனி கரைந்த கையோடு கட்டடக் கமிட்டித் தலைவர் அபு ராக்கான் கூட்டம் போட்டார். ராணுவத்தில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். மாடிப்படியில் நின்று ஒரு தரம் செருமினால் அஞ்சு மாடிக்கும் கேட்கும். அவர் மின்சாரக் கார் வாங்கியிருந்தார். இன்னும் மூன்று வீட்டுக்காரர்களும் வாங்கியிருந்தார்கள். ராத்திரியானால் ஜன்னல் வழியாகத் தொங்கும் வயர்கள், அவற்றில் தடுக்கி விழும் கிழவர்கள், நின்று போகும் லிஃப்ட் என்று கட்டடமே அல்லோலகல்லோலப்பட்டது.

"இனிமே வயரு கியரு எதுவும் தொங்கக் கூடாது," என்றார் அபு ராக்கான். "கட்டடத்துக்குப் பெரிய லைன் இழுக்கறோம். ஒவ்வொரு வண்டி நிறுத்தற எடத்துலயும் ஒரு சார்ஜர். கட்டாயம். விதிவிலக்கு கிடையாது."

"எனக்குக் கார் இல்ல," என்றாள் இத்தாஃப்.

"உங்களுக்கு எடம் இருக்குல்ல?"

"எடத்துக்கா சார்ஜ் ஏத்தப் போறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அபு ராக்கான் சிவந்து போனார். "கீழ் வீட்டுக்காரன் லிஃப்டுல ஏறறானா? லிஃப்டுக்குப் பங்கு குடுக்கறானா இல்லையா? அது மாதிரிதான்மா."

அவள் ஒருத்திதான் எதிர்த்துக் கை தூக்கினாள். மறு சனிக்கிழமை, பார்த்தால், மாமூனின் பேச்சும் அதுதான்: அடுக்குமாடிகளில் சார்ஜரைக் கட்டாயமாக்க வேண்டுமா? கூப்பிட்டவர்களெல்லாம் வேண்டாம் என்றார்கள். வேண்டியவன் வைத்துக்கொள்ளட்டும், எங்கள் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

இத்தாஃப் வேண்டாம் என்று சொல்லத்தான் போன் செய்தாள். "அபு லமீஸ் என்ன சொல்றார்?" என்று மாமூன் கேட்டதும் வாய் வேறு வழியில் போயிற்று.

"கட்டாயமாக்கணுங்கறார். தனி வீடு இருக்கறவன் சுவத்துல ஒண்ண மாட்டிக்கிட்டுத் தூங்கப் போயிடறான். மாடி வீட்டுக்காரன் மட்டும் நடு ரோட்டுல வரிசையில நிக்கணுமா? ஒவ்வொருத்தனா கேட்டுக்கிட்டிருந்தா யாரும் முதல்ல கை தூக்க மாட்டான். சேர்ந்து ஒரே தரம் செஞ்சுட்டாத்தான் உண்டுங்கறார்."

ஷவ்கி சொல்லியிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். வேறு பேச்சே இல்லை. உயிரோடிருந்த காலத்தைப் போலவே இப்போதும் வாதத்தில் அவரிடம் தோற்றுவிட்டாள். சாயங்காலம் அபு ராக்கான் வீட்டுக் கதவைத் தட்டி, "என் கையக் கீழ எறக்கிக்கறேன், எங்க எடத்துலயும் மாட்டுங்க," என்றாள். அவர் அவளை விசித்திரமாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, தலையை மட்டும் ஆட்டினார்.

சார்ஜர்கள் வந்தன. தூண்களுக்கு நடுவே, அவளுடைய வெறும் இடத்தின் சுவரிலும் ஒன்று மாட்டினார்கள். ஷவ்கியின் முதுகு வளைந்த பழைய ஜெர்மன் கார் நின்ற இடம். நோய் வந்ததும் அவரே அதை விற்றுவிட்டிருந்தார். தரையில் அது சொட்டிய எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. கறைக்கு மேலே வெள்ளைப் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

இந்தச் செய்தியையும் அவள் வானொலியில் பெருமையாகச் சொல்லப் போய்த்தான் மாட்டிக்கொண்டாள்.

"கட்டடம் முழுக்கவா? ஒருத்தர் விடாமயா?" மாமூன் துள்ளினார். "அப்ப அடுத்த வாரம் நாங்க அங்க வர்றோம்! உங்க கட்டடத்துலேர்ந்தே நேரடி ஒலிபரப்பு. அபு லமீஸை நேர்ல பார்த்து நாலு கேள்வி கேக்காம இந்த ஜென்மம் சாந்தியடையாது அக்கா."

அவள் மழுப்பினாள். அன்று மதியமே நிலையத்துக்குக் கூப்பிட்டு, வேண்டாம், அவருக்கு உடம்பு சரியில்லை என்றாள். எடுத்த பெண், அறிவிப்பு கொடுத்தாகிவிட்டது, கமிட்டித் தலைவரும் சம்மதித்துவிட்டார், அபு லமீஸுக்கு ஆண்டவன் சுகம் கொடுக்கட்டும் என்றாள்.

அந்த வாரம் இத்தாஃபுக்குச் சோறு இறங்கவில்லை. தங்கை வீட்டுக்கு இர்பித் போய்விடலாம் என்று பையைக் கட்டினாள், அவிழ்த்தாள். கட்டடத்தில் எல்லோருக்கும் ஷவ்கி செத்தது தெரியும். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு மூன்று நாள் கசப்புக் காபி கொடுத்ததே அபு ராக்கானின் பையன்கள்தான். யாராவது ஒருத்தர் உளறினால் போதும். ஞாயிற்றுக்கிழமை லமீஸ் கூப்பிட்டபோது, "என்ன உம்மா, ஒரு மாதிரி பேசற?" என்றாள். "மால்மோவுல குளிரா?" என்று கேட்டாள் இத்தாஃப்.

சனிக்கிழமை காலையில் வேன் வந்தது. அபு ராக்கான் கல்யாணத்துக்குப் போகிறவர் போல கோட்டு மாட்டியிருந்தார். பெண்கள் தூண்களுக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். யாரோ தட்டு நிறைய நெய்க் கேக்கும் ஏலக்காய்க் காபியும் கொண்டுவந்தார்கள். மாமூன் குரலைவிடச் சின்ன ஆள். தலையில் முடி கம்மி, இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வேனிலிருந்து இறங்கினார். கையில் ஒரு பொம்மைக் கார். பின்என்ஜின் கார்.

"இது அவருக்கு," என்று இத்தாஃபிடம் நீட்டினார். "எங்க அவர்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அபு ராக்கான் நடுவில் புகுந்தார்.

"பக்கத்து ஊரு சல்ட்டுக்குப் போயிருக்கார். சொந்தத்துல ஒரு துக்கம். விடியக்காலையிலயே கிளம்பிட்டார்."

இத்தாஃப் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் கோட்டுப் பித்தானைப் பார்த்தார். அவள் நாற்காலிகளைப் பார்த்தாள். மூன்றாம் மாடிப் பெண் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கீழ் வீட்டுக் கிழவர் தொண்டையைச் சரி செய்துகொண்டு, "ஆமா, பார்த்தேன், போனார்," என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று அவள் அபு ராக்கானிடம் முணுமுணுத்தாள்.

"நாங்கல்லாம் கார்லதானே போறோம்," என்றார் அவர், உதடு அசையாமல். "ரேடியோ கேக்க மாட்டமா?"

எத்தனை மாதமாக? மாடிப்படியில் எதிர்ப்படும்போதெல்லாம் இவர்கள் சலாம் சொல்லி வழி விட்டது இதைத் தெரிந்துகொண்டுதானா? இத்தாஃபுக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. யாருக்கும் தெரியாமல் வைத்திருந்ததாக நினைத்த ஒன்றை, கட்டடமே ஆளுக்கொரு கையாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

ஒலிபரப்பு தொடங்கியது. அபு ராக்கான் லைன் இழுத்த கதையைப் போர்க்கதை மாதிரி சொன்னார். மாமூன் ஒவ்வொரு சார்ஜராக நடந்து போய், கடைசியில் இத்தாஃபின் வெறும் இடத்துக்கு வந்து நின்றார்.

"நேயர்களே, இதுதான் அபு லமீஸோட எடம். ஆனா ஆள் எங்க? சல்ட்டுக்குப் போயிட்டாராம்! அக்கா, ஒரு போன் போட்டுக் குடுங்க, ரெண்டு வார்த்தை பேசிடறேன்."

"அங்க சிக்னல் கிடைக்காது," என்றார் அபு ராக்கான். நெற்றி வேர்த்திருந்தது.

"சல்ட்டுல சிக்னல் கிடைக்காதா? சல்ட்காரங்க கேட்டா உங்கள உதைக்க வருவாங்க, கேப்டன்!" எல்லோரும் சிரிக்க வேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை. மாமூனுக்கு அது பிடிபடவில்லை. ஜனங்களைச் சிரிக்க வைக்க இன்னும் ஒரு எட்டு எடுத்து வைத்தார். "எனக்குப் புரிஞ்சுபோச்சு. அபு லமீஸ் பயந்துட்டார். ஆறு மாசமா பொண்டாட்டி முந்தானைக்குப் பின்னால நின்னு என்னைக் கோழைன்னார். மைக்கக் கண்டதும் ஓடிட்டார்!"

"ஓடல," என்றாள் இத்தாஃப். "செத்துட்டார்."

குரல் தெளிவாகத்தான் வந்தது. ஒலிவாங்கி அவள் முகத்துக்கு நேரே இருந்தது.

"மூணு வருஷமாச்சு. அவர் யாருக்கும் பயந்ததில்ல. ஈரல் அழுகிப் படுத்துக் கிடந்தப்பக்கூடப் பயப்படல. அவரை அப்படிச் சொல்லாதீங்க."

மாமூன் அவள் பக்கம் நெருங்கி வந்தார். பிறகு, வானொலிக்காக அல்லாமல், மிகச் சின்னக் குரலில் கேட்டார்: "அப்ப இத்தனை நாள் என்கூடப் பேசினது யாரு?"

அவள் யோசித்தாள். சரியான பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"பனி விழற வரைக்கும் அவர். அதுக்கப்புறம் அவர்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல. அதுக்கப்புறம் நான்."

வேனுக்குள்ளிருந்து யாரோ விளம்பரத்தைப் போட்டார்கள். மாமூன் ஒலிவாங்கியை இறக்கி, "அல்லா அவருக்கு ரஹ்மத் செய்யட்டும்," என்றார். தூண்களுக்கடியில் உட்கார்ந்திருந்த எல்லோரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள். இத்தாஃப் பொம்மைக் காரைக் கையில் பிடித்தபடி லிஃப்டை நோக்கி நடந்தாள். லிஃப்ட் வர நேரமாயிற்று. யாரும் பக்கத்தில் வரவில்லை; மரியாதைக்காகத்தான் வரவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

அதன்பிறகு அவள் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டாள். ரொட்டியைக் கூடை கட்டி மேலே இழுத்துக்கொண்டாள். சனிக்கிழமைகளில் ரேடியோவைப் போடவில்லை. வீடு இப்போது உண்மையாகவே அமைதியாக இருந்தது. குளிர்சாதனப் பெட்டி முனகி நிற்பதும், மேலே தொட்டியில் தண்ணீர் விழுவதும் அவளுக்குத் துல்லியமாகக் கேட்டன. முன்பு ஷவ்கி செத்த துக்கம் இருந்தது. ஆனாலும் அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். இப்போதுதான் அவர் வாயை மூடினார்.

ஒருநாள் மாமூன் கூப்பிட்டார், நிகழ்ச்சிக்கு வெளியே, தன் சொந்த எண்ணிலிருந்து. மன்னிப்புக் கேட்டார். அவள் பரவாயில்லை என்றாள். உடம்பு எப்படி என்றார். நல்லா இருக்கேன், உங்க இடுப்பு வலி? பரவாயில்லை. அப்புறம் இருவருக்கும் பேச எதுவுமில்லை. ஆறு மாதம் வாராவாரம் சளைக்காமல் சண்டை போட்டவர்கள், நடுவில் இருந்த ஆள் எழுந்து போனதும், பஸ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த அந்நியர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். "எப்ப வேணா கூப்பிடுங்க அக்கா," என்றார். "சரி," என்றாள். கூப்பிட மாட்டாள் என்று இருவருக்குமே தெரிந்திருந்தது.

லமீஸ் ஒரு புதன்கிழமை கூப்பிட்டாள். ஞாயிறு தவிர வேறு நாளில் அவள் கூப்பிட்டதேயில்லை.

"உம்மா. ஒரு ரேடியோப் பதிவு வந்துச்சு எனக்கு. இங்க இருக்கற நம்ம பக்கத்து நாப்லுஸ் ஊர்க்காரி ஒருத்தி அனுப்பினா. ‘இது உன் உம்மா குரல் மாதிரி இருக்கே’ன்னு."

இத்தாஃப் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"ஊருக்கே வாப்பாவப் பத்திப் பேசியிருக்க. டாக்ஸிக்காரன்லாம் கேட்டிருக்கான். என்கிட்ட மட்டும் தண்ணி வந்துச்சா, மாத்திரை போட்டேன்." லமீஸின் குரல் உடைந்தது. "நான் என்ன செஞ்சேன்? லேட்டா வந்தேன், அதுக்கா?"

"ஐயோ, அதுக்கில்லடி. நீ அழுவியேன்னு."

"நான் அழுதா என்ன? நான் இங்க அழாமலா இருக்கேன்?"

இரண்டு பேரும் அழுதார்கள், நடுவில் ஒரு கண்டத்தையே வைத்துக்கொண்டு. அழுது முடித்து மூக்கைச் சிந்தியபின் லமீஸ் கேட்டாள்: "உனக்கு ஒரு விஷயம் தெரியுமா? நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்ப வாப்பா என்னை ஸர்க்காவுல அடிபட்ட காரெல்லாம் போட்டு வெச்சிருக்கற எடத்துக்குக் கூட்டிட்டுப் போனார். அங்க ஒரு கார். நடுவுல என்ஜின், முதுகுக்குப் பின்னால. ஓட்டுறவன் காதுக்குள்ளயே கத்தும்னார். என்னை மடியில வெச்சுக்கிட்டு அதுல உக்காந்தார். எறங்கவே மனசில்ல அவருக்கு. வண்டிகளப் பத்தி எத்தனையோ பேசியிருக்கார், அதை மட்டும் ஏன் வாங்கலன்னு நான் கேக்கவே இல்ல. காசில்லையா?"

இத்தாஃப் அந்தக் காரைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் அங்கிருந்து வீடு திரும்பிய சாயங்காலம் நினைவிலிருந்தது. அதை அவள் வானொலியில் சொல்லியிருக்கவில்லை. அது என்ஜின் சமாசாரம் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

"காசெல்லாம் இருந்துச்சு. அடிபட்ட வண்டிதானே, சல்லிசா வந்துச்சு. விலை பேசி முடிச்சுட்டுத்தான் வந்தார். கையக் கழுவிட்டுச் சாப்பிட உக்காந்தவர், சாப்பிடாமயே இருந்தார். என்னன்னு கேட்டேன். ‘அந்த வண்டில ரெண்டு சீட்டுதான் இத்தாஃப், லமீஸை எங்க உக்கார வெக்கறது?’ன்னார். மறுநாள் போய் வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டார்."

மறுமுனையில், தூரத்தில், யாரோ லமீஸை அந்த ஊர்ப் பாஷையில் கூப்பிட்டார்கள்.

"போகணும் உம்மா. வேலைக்கு நேரமாச்சு."

"போ கண்ணு."

"ஞாயித்துக்கெழமை இன்னும் சொல்லு. என்ன வேணா சொல்லு. என்ஜினப் பத்தின்னாலும் சரி."

போன் அணைந்தது. சொல்லாத எத்தனையோ இப்போது ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. ஞாயிறு தொலைவில் இருந்தது. இத்தாஃப் எழுந்து பால்கனிக்குப் போனாள்.

கீழே அவளுடைய இடத்தில் ஒரு கார் நின்றது. அபு ராக்கான் குனிந்து, அவளுடைய சார்ஜரின் வயரை இழுத்துத் தன் காரில் செருகிக்கொண்டிருந்தார்.

"கேப்டன்! யாரக் கேட்டு அங்க நிறுத்தினீங்க?"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "என்னுது கெட்டுப் போச்சு. சும்மாதானே கிடக்குன்னு..."

"சும்மா கிடந்தா? கட்டாயம், விதிவிலக்கு கிடையாதுன்னது யாரு?"

"எடுத்துடறேன்மா, எடுத்துடறேன்," என்றார் அவர், வயரைப் பிடித்தபடி.

மேலிருந்து பார்க்கும்போது அவரும் கிழவராகத் தெரிந்தார்.

"இருக்கட்டும்," என்றாள். "நாளைக்கும் வேணும்னா கதவத் தட்டிக் கேட்டுட்டு நிறுத்துங்க."

"சரிம்மா." அவர் போகாமல் நின்றார். காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். எதற்கென்று தெரியாமல் முன் மூடியைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லாததைப் பார்த்து, மூடினார். "என் மகன் ஒரு வண்டி வாங்கணுங்கறான்," என்றார் தலையைத் தூக்கி. "முன் சக்கரம் ஓட்டறதா, நாலும் ஓட்டறதான்னு குழப்பம். நீங்க என்ன சொல்றீங்க?"

"அவன் வீடு எங்க? மேட்டுலயா?"

"நல்ல மேடு."

"அப்ப நாலும்," என்றாள் இத்தாஃப்.

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். சாயங்காலக் காற்று குளிரத் தொடங்கியிருந்தது. மேட்டில் ஒரு கார் ஏறியது, இன்னொன்று இறங்கியது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பேக்கரி வெளிச்சம் போடும் வரைக்கும் அங்கேயே நின்றாள்.